தாழ்ப்பாள் இல்லாத பாத்ரூமும் அக்காவைப் பாக்க வந்த மாப்பிள்ளையும்

எங்க வீட்டு பாத்ரூம் தாழ்ப்பாள் உடைஞ்சு ரொம்ப காலம் ஆச்சு. "ஞாயித்துக்கெழம மாத்திடலாம்"னு அப்பா சொல்லாத வாரமே கெடையாது. அதுவரைக்கும் உள்ள போறவங்க சத்தமா பாடணும். பாட்டு நின்னா யாராச்சும் கதவத் தொறந்துடுவாங்க.

இன்னிக்கு கீழ்பென்னாத்தூர்லேர்ந்து அக்காவைப் பொண்ணு பாக்க வந்தாங்க. பஜ்ஜி, கேசரி எல்லாம் ரெடி. தாழ்ப்பாள மட்டும் யாரும் நெனைக்கல.

மாப்பிள்ளை எழுந்து, "பாத்ரூம் எங்கங்க?"ன்னாரு.

அம்மா அப்பாவ மொறைச்சாங்க. அப்பா கூடவே போய், "தாழ்ப்பாள் இல்ல தம்பி. பாடிக்கிட்டே இருங்க, யாரும் வரமாட்டாங்க"ன்னாரு.

"எனக்குப் பாட வராதே சார்!"

"ஏதாச்சும் சத்தம் குடுத்துக்கிட்டே இருங்க, போதும்."

கதவச் சாத்தினாரு. ஹால்ல எல்லாரும் கேசரியையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம்.

உள்ளேர்ந்து அச்சு அசலா கண்டக்டர் குரல்: "கீழ்பென்னாத்தூர், செஞ்சி, திண்டிவனம்! ஏறு, ஏறு, ஏறு! கீழ்பென்னாத்தூர், செஞ்சி, திண்டிவனம்!"

அதுவரைக்கும் தலைய நிமித்தாம உக்காந்திருந்த அக்கா, சிரிப்ப அடக்க முடியாம, "கீழ்பென்னாத்தூர் ஒண்ணு குடுங்க!"ன்னு கத்திட்டா.

உள்ள சத்தம் டக்குனு நின்னுடுச்சு. ஆனா கதவத் தொறக்க யாரும் போகல. ரெண்டு வீட்டு ஆளுங்களும் சிரிச்சுக்கிட்டே இருந்தோம். பொண்ணுக்குச் சம்மதமான்னு அப்புறம் யாரும் கேக்கவே இல்ல.

அப்பா இப்ப ஸ்க்ரூ டிரைவர் தேடிக்கிட்டு இருக்காரு, நிச்சயதார்த்தத்துக்குள்ள புதுத் தாழ்ப்பாள் போட்டுடணுமாம். ஸ்க்ரூ டிரைவர ஒளிச்சு வெச்சதே அக்காதான்.

உங்க வீட்டுல என்ன உடைஞ்சு கெடக்கு, சொல்லுங்க. கல்யாணத்துக்கு ஆள் இருந்தா மட்டும், அவசரப்பட்டு ரிப்பேர் பண்ணிடாதீங்க.