நாக்கில் தொட்டு வைத்த விதை

பேர் வைக்கும் நாளான அன்று காலை வீட்டில் அப்பா, அம்மா, அண்ணி, நான், தொட்டிலில் பதினாறு நாள் பிள்ளை. இல்லாதவன் அந்தப் பிள்ளையின் தகப்பன், என் அண்ணன். சரக்குக் கப்பலில் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையோரம் எங்கேயோ இருந்தான். ஒப்பந்தம் முடிந்தும் நீட்டிக்கொண்டான். ரங்கூனுக்கு வந்துவிட்டால் பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிற இந்த நாளில் வாலிபர்களை மறுபடி நாட்டைவிட்டு வெளியே விடுவார்களா என்று யாருக்கும் நிச்சயமில்லை.

அவனோடு வேலை பார்த்து ஊர் திரும்பிய பர்மாக்காரர் ஒருவர் முந்தின நாள்தான் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் எங்கள் மாடிப்படி ஏறிவந்து ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே உலர்ந்த அத்திப்பழம் போலச் சுருங்கிய இரண்டு காய்கள். பிளந்தால் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய செம்பழுப்பு விதைகள். ஏலக்காய் வாசம், அதன் பின்னாலேயே மிளகு நெடி.

அண்ணனின் குரல்பதிவும் செல்போனில் வந்திருந்தது. "இந்தப் பக்கம் பிள்ளைக்குப் பேர் வைக்கிற அன்னைக்கு இதை நாக்குல தொட்டு வைக்கிறாங்க. அது பேச்சுக்கு நாலு பேரு கட்டுப்படுவாங்களாம். என்னாலதான் வரமுடியல. இதையாச்சும் வைங்க."

வீட்டில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான் ஒருவன்தான். மாத்திரை அட்டையோ சர்க்கார் தாளோ, எதுவானாலும் என்னிடம்தான் வரும். இதுவும் வந்தது. பொட்டலத்தின்மேல் எழுதியிருந்த ஆங்கிலப் பேரைச் செல்போனில் தேடி வாசித்துக் காட்டினேன். இஞ்சிக்கும் மஞ்சளுக்கும் ஏலக்காய்க்கும் இது சொந்தம். மீனிலும் கறியிலும் இறக்கும் சமயத்தில் பொடித்துப் போடுகிறார்கள். வயிறு உப்பினால் மெல்லுகிறார்கள். வீடு தேடி வந்தவர்களுக்கும் கொடுக்கிறார்கள். பேர் வைக்கும் அன்று பெரியவர் ஒருவர் மென்று, பிள்ளையின் நாக்கில் தொடுகிறார்.

"காரம் உண்டுன்னும் போட்டிருக்கு" என்றேன்.

"மாசம் நிறையாமப் பிறந்தது" என்றாள் அம்மா. "மிளகு மாதிரி ஒண்ணைக் கொண்டுபோய் நாக்குல வைப்பீங்களா?"

"பிறந்தன்னைக்குச் சர்க்கரைத் தண்ணியைத் தொட்டுச் சேனை வச்சது யாரு? நான்தானே" என்றார் அப்பா. "அதே மாதிரிதான் இதுவும். அவங்க பிள்ளைங்க மட்டும் இரும்பா?"

"சேனை இனிக்கும். அதுக்கே உங்க குணம் வந்துடுமேன்னு பயந்துகிட்டிருக்கேன்."

அண்ணி சிரிக்கவில்லை. இதற்கு முன் பிறந்த ஒன்று அவளுக்குத் தங்கவில்லை. வேண்டாம் என்று முதலில் சொல்லவேண்டியவள் அவள்தான். "அவரு கேட்டது இது ஒண்ணுதான் அத்தை" என்றாள்.

கடைசியில் அப்பாவே ஒரு வழி சொன்னார். "நான் மொதல்ல மென்னு பாக்கறேன். காரமா இருந்தா விட்டுடலாம்." எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. ஒரு விதையை வாயில் போட்டுக் கடித்தார். நாங்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"காரமே இல்லடி. ஏலக்கா மாதிரி கமகமன்னு இருக்கு."

சுண்டுவிரலைத் தன் நாக்கில் ஒற்றிப் பிள்ளையின் நாக்கில் தொட்டார். அம்மா குலவையிட வாயெடுத்தாள். "இரு, இரு" என்று அப்பா தொண்டையைப் பிடித்தார். அந்த விதை அப்படித்தான். முதலில் மணம்தான் வருகிறது. காரம் ஆறஅமரப் பின்னால் வந்து ஏறுகிறது.

அதற்குள் பிள்ளையின் முகம் சிவந்துவிட்டது. வாய் திறந்திருக்கிறது, சத்தம் இல்லை. மூச்சும் இல்லை. உதடு கறுத்தது. அண்ணி பிள்ளையை அள்ளிக்கொண்டு வெறுங்காலோடு படியிறங்கி ஓடினாள், கூடவே நானும். தெருமுனையில் பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற டாக்சிக்காரர் அவளைப் பார்த்ததும், ஒன்றும் கேட்காமல், தன் இடத்தை விட்டு வண்டியைத் திருப்பினார். பாலம் ஏறும்போது பிள்ளை வீறிட்டது. அதைக் கேட்ட பிறகுதான் அண்ணி அழ ஆரம்பித்தாள்.

தனியார் ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டரம்மா பர்மியில் கேட்டார், "என்ன கொடுத்தீங்க?" விதையின் பெயரைச் சொன்னேன். அவர் கேள்விப்பட்டதில்லை. செல்போனை எடுத்துத் தேடினார். நான் படித்த அதே பக்கம்தான் அவருக்கும் வந்தது. வாசித்துவிட்டு, "நாளைக் காலை வரைக்கும் மூச்சைப் பார்க்கணும். இங்கேயே இருக்கட்டும்" என்றார்.

அப்பா பின்னாலேயே பஸ் பிடித்து வந்து வெளிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கவில்லை.

"இன்னும் எரியுதாப்பா?"

"எரியட்டும்."

மறுநாள் காலை பிள்ளை பால் குடித்தான். வீட்டுக்கு அனுப்பினார்கள். சாயங்காலம் கப்பல் ஏதோ துறைமுகத்தைப் பிடித்து, அண்ணனின் போன் வந்தது.

"வச்சீங்களா?"

அண்ணி எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"வச்சோம். மாமாதான் வச்சாரு. நல்லாக் கத்துறான், ஊரே கேக்குது."

அந்தப் பக்கம் அண்ணன் சிரித்தான். கேட்டு வெகுநாளான சிரிப்பு. அனுப்பின பணம் விசேஷத்துக்குப் போதுமானதாக இருந்ததா என்று கேட்டான். சரியாகப் போய்விட்டது என்றாள் அண்ணி. எவ்வளவு ஆச்சு என்றான். அறை வாடகை, ஆக்சிஜன், டாக்டர், டாக்சி எல்லாவற்றையும் சேர்த்து, எதற்கு என்று மட்டும் சொல்லாமல், உள்ளதைச் சொன்னாள்: மூன்று லட்சத்து நாற்பதாயிரம் கியாட்.