பேர் போடாத கேள்வி

காலையில் உறவுக்காரர் ஒருவர் ஆட்டையாம்பட்டி முறுக்குப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். பிரித்ததும் வாசனை வந்தது, கூடவே குமரேசன் மேல் கோபமும் வந்தது. முறுக்கைத் தின்று கோபப்படுகிற ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். என் வீட்டுக்காரிக்குப் பழகிவிட்டது.

முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த முறுக்குதான் எங்கள் மூன்று பேருக்கும் சிற்றுண்டி. நாமக்கல்லில் குமரேசன் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தான். கோழிப் பண்ணைக்காரர்கள் கேட்கவும், பண்ணைக்காரர்களே பதில் சொல்லவும் ஒரு இணையதளம் தொடங்கியிருந்தான். எந்தக் கேள்வி இருக்கலாம், எதை யாரும் பதில் எழுத முடியாதபடி மூட வேண்டும் என்று முடிவு செய்ய மூன்று பேர்: அவன், எருமப்பட்டிப் பக்கம் பண்ணை வைத்திருந்த நான், ஓமலூரிலிருந்து பஸ் ஏறி வருகிற சரஸ்வதி அக்கா. எண்ணெய்க் கையோடு நாங்கள் தட்டித் தட்டி அந்தக் கீபோர்டே பிசுபிசுவென்று இருக்கும்.

ஒருவர், பண்ணை வாசல் தெற்குப் பார்த்திருந்தால் கோழி முட்டையிடுமா என்று கேட்டிருந்தார். இன்னொருவர், "கோழிப்பண்ணை வச்சிருக்கோம், பையனுக்குப் பொண்ணு தர மாட்டேங்கறாங்க, என்னுங்க பண்றது?" என்று கேட்டிருந்தார். அக்கா அதை மூடவே கூடாது என்றார். "இதைவிடப் பெரிய பண்ணைப் பிரச்சினை வேற என்ன சாமி?" என்று கேட்டார். நான்தான் பெரிய நீதிபதி மாதிரி, 'இது இத்தளத்துக்கு உரிய கேள்வியல்ல' என்று எழுதி மூடினேன். அந்த வாசகம் என் கைவண்ணம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

சண்டை வந்தது நோய்க் கேள்விகளில்தான். எங்கள் பக்கத்தில் கோழிக்குச் சீக்கு என்று யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். கொத்துக் கொத்தாகச் செத்தாலும், "கொஞ்சம் டல்லா இருக்குதுங்க" என்பதோடு சரி. பேச்சு வெளியே போனால் மறுநாள் முட்டை வண்டி வாசலில் நிற்காது. குமரேசன்தான் வழி சொன்னான்: பேர் போடாமல் கேட்கட்டும், யார் கேட்டது என்று நம் மூவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். அன்று அவனை எனக்கு ரொம்பப் பிடித்தது. பேர் இல்லாத கேள்விகள் அதற்குப் பிறகு வந்து குவிந்தன. பல பண்ணைகள் அதனால் பிழைத்தன.

ஒரு சித்திரை மாதம் என் கொட்டகையில் கோழிகள் தலையைத் தொங்கப் போட்டன. தினமும் சில செத்தன. நானும் பேர் போடாமல் கேட்டேன். முன்பின் தெரியாத ஒரு பண்ணைக்காரர் பதில் எழுதினார்: "மக்காச்சோள மூட்டையப் பிரிச்சு மோந்து பாருங்க." மோந்தேன். பூசண நாற்றம் குப்பென்று அடித்தது. தீனியை மாற்றியதும் கோழிகள் தேற ஆரம்பித்தன. ஒட்டுகிற நோயே இல்லை.

ஆனால் முட்டை வண்டி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வண்டி வரவில்லை என்று கோழி முட்டையிடாமல் இருக்குமா? அட்டை அட்டையாக அடுக்கியதில் அறைக்குள் நிற்க இடமில்லை, வெயில் வேறு. வியாபாரிக்குப் போன் போட்டேன்.

"உங்க பண்ணையில சீக்குன்னாங்களே."

"எங்கோழிக்குச் சீக்குன்னு யாருங்க சொன்னது?"

"நம்ம மாப்பிள்ளைதானுங்க. குமரேசன்."

அவர் குமரேசனுக்கு மாமனார். அதுவரை அந்த உறவை நான் ஒரு பொருட்டாக நினைத்ததே இல்லை. நேராக சென்டருக்குப் போய்க் குமரேசனைக் கேட்டேன்.

"மாமன் வண்டி பத்துப் பண்ணைக்குப் போவுது மாப்ள. ஒட்டிக்கிட்டா அத்தனை பேரும் போயிருவாங்க. நான் எப்படிச் சொல்லாம இருக்கறது?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லடா?"

அவன் முறுக்குப் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினான். தொடாமல் திரும்பினேன்.

வீட்டுக்கு வந்து தளத்தைத் திறந்தால், என் கேள்வி மூடப்பட்டிருந்தது. கீழே காரணம்: 'இது இத்தளத்துக்கு உரிய கேள்வியல்ல.' என் வாசகத்தையே எடுத்து என் வாயில் திணித்திருந்தான். முட்டை போனதைக்கூட மறந்துவிட்டேன், இதை மறக்க முடியவில்லை.

பேர் போடாமல் கேட்டாலும் பேர் வெளியே போகிறது என்கிற செய்தி எப்படிப் பரவும் என்று உங்களுக்குத் தெரியாதா? பேர் போடாத கேள்விகள் ஒவ்வொன்றாக நின்றன. அக்கா வருவதை நிறுத்தினார். தளத்தில் கூண்டு விற்பனை விளம்பரம் மட்டும் கொஞ்ச நாள் ஓடியது, பிறகு அதுவும் இல்லை. கல்யாண வீடுகளில் பார்த்தால், மாப்ள என்று கூப்பிட்ட குமரேசன் என்னை இப்போது "வாங்க" என்கிறான்.

போன வாரம் பக்கத்துப் பண்ணை ராசண்ணன் கொட்டகைக்குப் பின்னால், செத்த கோழிகளைப் புதைக்கிற மாதிரி, குழி வெட்டிச் சுண்ணாம்பு கொட்டியிருந்தது. வழியில் பார்த்தபோது, "கோழியெல்லாம் எப்படிங்கண்ணா?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்குது."

"எதுக்கும் மக்காச்சோள மூட்டைய ஒருக்கா மோந்து பாத்துருங்கண்ணா."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "எங்கோழிக்குச் சீக்குன்னு யாரு சொன்னது?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.