சோலார் தகட்டில் காயும் மிளகு

இன்று காலை மலைமேல் தேவனூர் நாட்டிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். "ஏனுங்க, நீங்க மாட்டிக் குடுத்த சோலார் லைட் எரியலீங்க. புள்ளைக்குப் பரீட்சை வருது."

அடிவாரத்துக் கடையைப் பூட்டிவிட்டு மலைப்பாதையின் அத்தனை வளைவும் ஏறிப் போனேன். பேட்டரி, ஒயர், பல்பு எல்லாம் சரி. கூரையில் ஏறிப் பார்த்தால், நான் சாய்வாக வைத்த தகட்டை மட்டமாக்கி, மேலே மிளகு காயப்போட்டிருக்கிறார்கள்.

"ஏம்மா, தகட்டுல வெயில் படாம லைட் எப்படி எரியும்?"

"மண்ணு ஒட்டுன மிளகை வாங்க மாட்டேன்னு சோளக்காட்டுச் சந்தைக்கு மிளகு வாங்க வந்தப்ப சொன்னது நீங்கதானுங்களே. இங்கன்னா கோழியும் கிளறாது."

மிளகை நானே அள்ளி, தார்ப்பாய் வாங்கித் தருவதாகச் சொல்லி இறங்கினேன்.

பக்கத்து வீட்டுக்காரர் வழிமறித்தார். "எங்களுக்கும் ஒண்ணு வேணுங்க. லைட் வேண்டாம், தகடு மட்டும் குடுங்க."

வந்த ஆர்டரை விட்டு எனக்குப் பழக்கமில்லை. நீங்களே சொல்லுங்க, குடுக்கவா, வேண்டாமா?