நீலக் கை மாமியார்

விடிந்ததும் சாயத் தொட்டியில் விரலை விட்டு நக்கிப் பார்த்த பிறகுதான் சுய்யுவே பல் துலக்குவாள். நாக்கில் சுரீர் என்று பட்டால் சுண்ணாம்பு அதிகம். சப்பென்று இருந்தால் அவுரிச் சாயம் பசியோடு கிடக்கிறது. "இன்னிக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே அடுப்படியிலிருந்து சாராயப் புட்டியை எடுத்து வந்து மடமடவென்று ஊற்றுவாள். தொட்டிக்குச் சோளச் சாராயமும் கட்டின புருஷனுக்கு வெறும் தேநீரும் கொடுக்கிற வீடு எர்ஹாய் ஏரிக்கரையிலேயே அது ஒன்றுதான். எனக்கும் கொஞ்சம் ஊற்றக்கூடாதா என்று புருஷன் லிகுன் முன்பெல்லாம் கேட்டுப் பார்த்தான். "அது வேலை செய்யுது. நீ?" என்றாள். அதோடு கேட்பதை விட்டுவிட்டான்.

தொட்டி இருக்கும் முற்றத்தில் யாரும் குரலை உயர்த்தக் கூடாது. சண்டைச் சத்தம் கேட்டால் சாயம் நுரை கட்டாது என்பது அவள் கட்சி. அதனால் வாய்த்தகராறு முற்றினால் பாதி வார்த்தையில் நிறுத்தி, லிகுனின் சட்டையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துப் போய், கதவைச் சாத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பாள். தொட்டிக்கு ஒன்றும் கேட்காது. ஊருக்குத்தான் ஒரு சொல் விடாமல் கேட்கும்.

முழங்கை வரை அவளுக்கு நீலம். அவள் பிசைந்த மாவில் நீல ரேகை இருக்கும். அவள் உரித்த பூண்டு பூண்டாகவே இருக்காது. மகன் ஷாவ்லே டவுனிலிருந்து ரப்பர் கையுறை வாங்கி வந்து கொடுத்தான். அது இப்போது மிளகாய்ச் செடி நடுவே ஒரு குச்சியில் மாட்டிக் குருவி விரட்டுகிறது. "கை வெச்சாத்தானே அதுக்குக் காய்ச்சலா குளிரான்னு தெரியும்" என்பாள்.

அந்தக் கை சும்மாவும் இருக்காது. சாயத்தில் பூ விழுவதற்காகத் துணியைக் கிள்ளி, மடித்து, நூலைச் சுற்றி இறுக்கி, முடிச்சு முடிச்சாகப் போட்டுக்கொண்டே ஊர்க்கதை பேசும். துணி தீர்ந்துவிட்டால் எது அகப்படுகிறதோ அது. பேச வந்த பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, தன் இடுப்புத் துணியின் ஓரமெல்லாம் பட்டாம்பூச்சி முடிச்சாகி இருந்ததை வீட்டுக்குப் போய்த்தான் பார்த்தாள்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் ஷாவ்லேயின் கல்யாணம் வந்தது. பெண், ஏரிக்கு அந்தப் பக்கத்து மீன்பிடிக் கிராமத்து ஆஃபெங். முதல் தடவை வீடு பார்க்க வந்தவள் வாயே திறக்கவில்லை. தொட்டிப் பக்கம் போனாள், எட்டிப் பார்த்தாள், மூக்கைச் சுளித்தாள். சுய்யுவேக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

"பாத்தியா சுளிச்சத? வருஷம் திரும்பறதுக்குள்ள பையனக் கிளப்பிக்கிட்டு டவுனுக்குப் போயிடுவா" என்று லிகுனிடம் புலம்பினாள். தெருவுக்குக் கூட்டிப் போய்த்தான்.

பெண்ணின் அம்மாவும் ஒரு நிபந்தனை போட்டாள். மகளின் கல்யாணச் சட்டைக்கு அவளே உட்கார்ந்து பூ வேலை செய்திருந்தாள். சட்டையின் கைகள் இரண்டும் பால் வெள்ளை. சம்பந்தியம்மாள் கல்யாணத்துக்குச் சுத்தமான கையோடு வர வேண்டும், அந்த நீலம் தன் பெண் மேல் படக்கூடாது என்றாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் சுய்யுவே ஏரியில் தள்ளியிருப்பாள். மருமகள் இந்த வீட்டிலேயே தங்க வேண்டுமே; வாயை மூடிக்கொண்டு தலையாட்டினாள். தொட்டியைக் கிளறும் கோலை லிகுனிடம் கொடுத்துவிட்டு, சாம்பல், எலுமிச்சை, அரிசி கழுவின தண்ணீர் என்று தேய்த்துத் தேய்த்துக் கையை வெளுத்துப்போன பழைய சட்டை நிறத்துக்குக் கொண்டுவந்தாள்.

கல்யாணத்தன்று காலையில் தொட்டி மௌனமாகிவிட்டது. நுரை இல்லை. வாடையும் சரியில்லை. லிகுன் கோலை விட்டுக் கிண்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினான். தெருமுனையில் பெண் ஊர்வலத்துக் குழல் சத்தம் கேட்டது. சுய்யுவே நாலு பக்கமும் பார்த்தாள். எட்டுக் கிண்ணக் கல்யாண விருந்துக்கு வாங்கி வைத்திருந்த சாராய ஜாடியைத் தூக்கி அப்படியே கவிழ்த்தாள். சட்டையை மடித்துக் கையை முழங்கை வரை விட்டாள். அடியிலிருந்து வெதுவெதுப்பு ஏறியது. கொப்புளம் கொப்புளமாக நீல நுரை பூத்தது. சந்தோஷத்தில் அவளுக்குக் கல்யாணமே மறந்துவிட்டது. காற்றுப் பட்டு நீலமாகும் வரை பச்சையாகவே இருக்கும் சாயம் சொட்டும் கையைத் துணியில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

எங்கள் பக்கத்தில் பெண் வந்து இறங்கியதும் ஆளாளுக்குக் கிள்ளுவார்கள். எவ்வளவு கிள்ளு வாங்குகிறாளோ அவ்வளவு அதிர்ஷ்டம். கெட்டது அண்டாமலிருக்க மார்பில் முகம் பார்க்கும் கண்ணாடித் தகடும் கண்ணில் கறுப்புக் கண்ணாடியுமாக ஆஃபெங் நெரிசலில் சிரித்துக்கொண்டு வந்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதாகத்தான் சுய்யுவேயின் எண்ணம். பெண் பக்கத்தில் வந்ததும் கை தானாகப் போயிற்று. அதுவும் ஊர்க்காரர் கிள்ளும் கிள்ளா? முடிச்சுப் போடுகிறவள் கிள்ளு: துணியை மடித்து, சுருட்டி, ஒரு திருகு.

வெள்ளைச் சட்டைக் கையில் பச்சையாக ஒரு பூ. ஏரிக் காற்று பட்டதும் எல்லார் கண்ணெதிரிலும் அது மெல்ல மெல்ல நீலமாயிற்று. குழல்காரர் ஊதுவதை நிறுத்தினார்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னனே சம்பந்தி" என்றாள் பெண்ணின் அம்மா.

சுய்யுவே கையை இடுப்புத் துணிக்குள் ஒளித்தாள். அவள் அந்தக் கையை ஒளிப்பதை ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது.

ஆஃபெங் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். மார்புத் தகட்டை நிமிர்த்திப் பிடித்து அதில் அந்தப் பூவை இப்படியும் அப்படியும் பார்த்தாள். பிறகு மூக்கைச் சுளித்தாள். ஏதோ யோசித்தால் அவள் மூக்கு அப்படித்தான் போகும் போலிருக்கிறது.

"சும்மா இரும்மா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, மற்றக் கையை நீட்டினாள். "அத்தை, ஒரு கையில மட்டும் பூ இருந்தா நல்லாவா இருக்கு? இதையும் கிள்ளுங்க."

சுய்யுவே தன் பெருவிரலைத் தூக்கிப் பார்த்தாள். சாயம் காய்ந்திருந்தது.

"அப்படியே நில்லுடி, கைய எறக்காத" என்று சொல்லிவிட்டு, இடுப்புத் துணியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கூட்டத்தை இடித்துத் தள்ளியபடி தொட்டிக்கு ஓடினாள்.