பதினோரு மணிக்கு எந்தச் சேனல்?

பிள்ளையார்பாளையம் நெசவாளி குமாரவேல் தறிக்குழியில் இறங்கினால் இடி விழுந்தாலும் அசையமாட்டார் என்று தெருவே சொல்லும். அப்பேர்ப்பட்ட மனுஷனை நான்கு மாதமாக ஒரு டிவி ரிமோட் ஆட்டிப் படைத்தது என்றால் நம்புவீர்களா?

மகள் கீர்த்திக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. பெண்பிள்ளை ஹாஸ்டலில் தங்குவதா என்று வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "போனா எங்கிட்ட பேசாத" என்று வாயைவிட்டார். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பிடிவாதக்காரி, போய்விட்டாள். தினமும் காலை பதினோரு மணிக்கு அம்மாவுக்கு மட்டும் போன் செய்வாள். கமலவேணி அடுப்பங்கரையில் நின்று பேசுவாள். அந்தப் பேச்சு காதில் விழாமலிருக்கத்தான் இவருக்கு டிவி.

முதலில் தனியார் சேனலில் சீரியல் வைத்தார். அதில் ஒரு மகள் பெட்டியோடு வீட்டைவிட்டுக் கிளம்பினாள். "இவனுங்களுக்கு வேற கதையே கெடைக்கலியா?" என்று தூர்தர்ஷனுக்குத் தாவினார். அங்கே ஒருவர் நிலக்கடலைக்கு மருந்தடிப்பதை நிதானமாக விளக்கினார். அப்பாடா! ஆனால் பின்னாலேயே வானிலை வந்தது. ஓசூர்ப் பக்கம் கனமழையாம். குடை எடுத்துப் போயிருப்பாளா? சே, எனக்கென்ன வந்தது என்று மறுபடி சீரியல். ஒருநாள் கோபத்தில் டிவியையே அணைத்தார். அடுப்பங்கரையிலிருந்து கமலவேணியின் சிரிப்பு கேட்டது. அரை நிமிஷம்கூடத் தாங்கவில்லை, மறுபடி போட்டுவிட்டார்.

போன செவ்வாய்க்கிழமை டிவி அலறிக்கொண்டிருந்தது. இவர் நெய்துகொண்டிருந்தார். கமலவேணி போனும் கையுமாக வந்து டிவியை அணைத்தாள்.

"இன்னா இப்போ?" என்று சீறினார்.

"இந்தச் சத்தத்துல தறி சத்தமே கேக்கலையாம் கொழந்தைக்கு. நீங்க நெய்யறது காதுல விழுந்தாத்தான் ஒடம்பு நல்லா இருக்குதுன்னு அதுக்கு நிம்மதியாம். நாலு மாசமா என்னக் கேட்டுக்கினே இருக்குது. நானும் எத்தினி நாள்தான் சாக்கு சொல்றது? நெய்யுங்க!"

போனைத் தறியோரம் வைத்துவிட்டு நின்றாள். இத்தனை நாளும் யார் காதை அடைத்தேன் என்று நினைக்கக் குமாரவேலுக்கு வெட்கமாக இருந்தது. மிதியை அழுத்தினார், இழை சுற்றிய நாடாவைக் குறுக்கே எறிந்தார், பலகையை இழுத்து அடித்தார். நான்கு தரம் தறி பேசியது. ஐந்தாவதற்குக் கை வரவில்லை.

போனில் கீர்த்தி பதறினாள். "அம்மா, ஏன் நின்னுடுச்சு? அப்பாவுக்கு இன்னாச்சு?"

கமலவேணி போனை இவர் பக்கம் தள்ளினாள். இவரையே பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லமா, இழை அறுந்துடுச்சு" என்று பொய் சொன்னார் குமாரவேல். "பிணைக்க நேரமாவும். நீ பேசுமா."