வள்ளத்தோடு வல்லை தாண்டிய சனிக்கிழமை

“ரோச் லைற்றுக்குப் பற்றறி போடுறதோடை நில் பிள்ளை, வாகனத்திலை கை வைக்காதை” என்று, நான் பெண்பிள்ளை என்பதால், பெரியப்பா ஒருமுறை எனக்குச் சொன்னார். எங்கள் குடும்பத்தில் கடைசி வகுப்புவரை படித்து முடித்த முதல் ஆள் நான். பௌதிகத்தில் நல்ல பெறுபேறும் எடுத்திருந்தேன்.

1989 பங்குனி. பருத்தித்துறையில் மாமாவோடு சேர்ந்து தொழில் செய்வதென்று அப்பா முடிவெடுத்தார். எங்களிடம் இருந்த ஒரே வள்ளத்தைக் குருநகரிலிருந்து இருபத்தொரு மைல் தரைவழியே கொண்டுபோக வேண்டும். வழி நெடுக இந்திய இராணுவத்தின் சென்ரிகள், காவலரண்கள். கை காட்டிய இடத்தில் நிற்காத வாகனத்தைச் சுடுவார்கள்.

இணுவில் செல்லத்துரை அண்ணை வெங்காயம் ஏற்றும் தன் பழைய ஜீப்பையும் இழுவைப் பெட்டியையும் கொண்டுவந்தார். பெட்டியில் வள்ளத்தை ஏற்றினால் அந்தப் பாரத்தை ஜீப்பின் பிறேக் மட்டும் தாங்காது. பெட்டிக்குத் தனியாக ஒரு கைப்பிறேக் உண்டு. பின்னால் ஒருவர் இருந்து இழுக்க வேண்டும். ஆனால் வள்ளத்தின் முன்பக்கம் ஜீப்பின் மேல் நீட்டிக்கொண்டிருந்ததால், ஜீப்பின் பிறேக் லைற் பின்னால் இருப்பவருக்குத் தெரியாது.

காலை ஆறு மணிக்கு ஜீப்பின் அடியில் புகுந்தேன். பிறேக் லைற்றின் வயரைப் பெட்டிவரை நீட்டி, அதன் முனையில் ஒரு பல்ப்பைப் பொருத்தினேன். வெயிலிலும் தெரிய வேண்டுமென்று அதை வெறும் பால்மா ரின்னுக்குள் வைத்துக் கட்டினேன். பல்ப் எரிந்தால் அப்பா கைப்பிறேக்கை இழுப்பார்.

“பிள்ளை, என்ரை ஜீப் எரிஞ்சால் உன்ரை அம்மா வேறை வாங்கித் தருவாவோ?”

“எரியாது அண்ணை. மிதியுங்கோ.”

பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது. “ஓம், லைற் பத்துது!”

ஏழரைக்குப் புறப்பட்டோம். நான் முன்னால் செல்லத்துரை அண்ணைக்குப் பக்கத்தில். நல்லூர், இருபாலை தாண்டிக் கோப்பாயில் ஜீப்பை நிறுத்தினார். கயிறுகளை இறுக்கிவிட்டு வருவதாகச் சொல்லிப் பின்னால் போனார். நான் தண்ணீர் குடிக்க ஒரு கிணற்றடிக்குப் போனேன்.

நீர்வேலியில் ஒழுங்கையொன்றிலிருந்து வாழைக்குலை ஏற்றிய மாட்டுவண்டி திடீரென்று றோட்டுக்கு ஏறியது. செல்லத்துரை அண்ணை பிறேக்கை மிதித்தார். பெட்டி ஜீப்பை முன்னே தள்ளிக்கொண்டே போனது. மாட்டின் மூச்சு முன்கண்ணாடியில் படுமளவுக்குப் போய்த்தான் நின்றோம்.

“லைற் பத்தேல்லை!” என்று அப்பா கத்தினார்.

“வீட்டிலை பத்தும், றோட்டிலை பத்தாது. நல்ல படிப்பு!” என்றார் செல்லத்துரை அண்ணை. வண்டிக்காரரும் தன் பங்குக்கு ஏசினார்.

இறங்கிப் பின்னால் ஓடினேன். பல்ப் நன்றாயிருந்தது. வயர் அறவில்லை. “அண்ணை, வழியிலை எதையும் மாத்தினீங்களோ?”

“மாத்தேல்லை. பெட்டியைக் கொளுவியிருக்கிற கொழுக்கி கடகடவெண்டு காதைத் துளைச்சுது. கோப்பாயிலை அதுக்குள்ளை றப்பர் ரியூப் துண்டொண்டு சுத்தி விட்டன்.”

எனக்கு விளங்கிவிட்டது. மின்சாரம் வயரால் போய், பெட்டியின் இரும்பு, கொழுக்கி வழியாகத்தான் ஜீப்புக்குத் திரும்ப வேண்டும். நடுவே றப்பர். றப்பரை எடுத்தெறிந்தேன். ஆனாலும் துருப்பிடித்த கொழுக்கியை இனி நம்ப எனக்கு மனமில்லை. திரும்பும் வழிக்குத் தனி வயர் வேண்டும். என்னிடம் மிச்சம் ஒரு முழமும் இல்லை.

படலையில் நின்று பார்த்த ஒரு வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். உடுப்புக் காயப்போடும் கொடியைக் காட்டினார். அது கறுப்பு உறை போட்ட பழைய வயர். “இது காணுமோ? பொறு, கழட்டுறன்.”

“உடுப்பு எல்லாம் ஈரம், அம்மா.”

“வேலியிலை கிடந்து காயட்டும். ஏழு சீலைக்காக ஒரு வள்ளத்தை விடுறதோ?”

நுனிகளைக் கத்தியால் சுரண்டி, ஜீப்பின் இரும்பிலிருந்து பெட்டியின் இரும்புக்கு இணைத்தேன். பல்ப் முன்னையைவிடப் பிரகாசமாய் எரிந்தது. அம்மா ஒரு சீப்புக் கதலியையும் மடியில் போட்டுவிட்டார். எங்கள் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை.

பத்து மணிக்கு வல்லைவெளி. இருபுறமும் மரமில்லை, காற்று வள்ளத்தைப் பாய்போலத் தள்ளியது. பாலத்தால் இறங்கும்போது பீப்பாய்களுக்குப் பின்னாலிருந்து ஒரு சிப்பாய் கையை உயர்த்தினான். செல்லத்துரை அண்ணை மிதித்தார். பின்னால் கைப்பிறேக் கிறீச்சிட்டது. பெட்டி எங்களைத் தள்ளவில்லை. பீப்பாய்க்கு இரண்டு பாகம், அதாவது பன்னிரண்டு அடி, இப்பால் நின்றோம். சிப்பாய் வள்ளத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான்.

நெல்லியடி வரும்போதும் கொழுக்கி கடகடத்துக்கொண்டே இருந்தது. செல்லத்துரை அண்ணை, “உந்தச் சத்தம் இருந்திட்டுப் போகட்டும், என்ன?” என்றார்.

பருத்தித்துறையில் வள்ளம் கீறலில்லாமல் மணலில் இறங்கியது. மாமாவிடம் அப்பா சொன்னார்: “எங்களை நிப்பாட்டிக் கொண்டந்து சேர்த்தது இவள்.” அப்பா என்னைப் பற்றி மற்றவர்களிடம் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

குருநகரில் ஒரு வள்ளம் வரப் பிந்தினால் முழுக் கரையும் விழித்திருக்கும். கடல் தெரியாத ஊர்களில் எங்கள் வள்ளத்துக்காக யார் கவலைப்படப்போகிறார்கள் என்று நினைத்துத்தான் புறப்பட்டேன். அந்த நினைப்பை அந்த அம்மா மாற்றிவிட்டார். அவருக்கும், என்னை நம்பிப் பின்னால் இருந்த அப்பாவுக்கும், ஏசியபடியே ஜீப்பை என்னிடம் விட்ட செல்லத்துரை அண்ணைக்கும் என் நன்றி.

இணுவிலில் செல்லத்துரை அண்ணையின் மைத்துனருடைய உழவு இயந்திரப் பெட்டிக்கு லைற் ஒன்றுமே இல்லையாம். நேற்றுப் பஸ்ஸில் போய், அதன் சட்டத்தில் துருவைச் சுரண்டி, லைற் பூட்ட முதல் துளையைப் போட்டுவிட்டு வந்தேன்.