‘என்னாங்க’ என்றால் திரும்புகிறவர்

எங்கள் வீட்டுக்காரரின் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவர்களைத்தான் சொல்லச் சொல்வேன். காடாம்புலியூரில் எங்கள் வயதுப் பெண்களுக்கு அதுதான் வழக்கம். எனக்கு அதில் பெருமையும் உண்டு. முந்திரிக்கொட்டை பொறுக்கும் காலத்தில் தோப்பு முழுக்கப் பெண்கள் இருப்பார்கள். ஆளாளுக்கு ‘என்னாங்க’ என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அத்தனை குரலிலும் என் குரலுக்கு மட்டும்தான் கடைசி மரத்தடியிலிருந்து, “தோ வந்துட்டன்” என்று பதில் வரும். ஒரு நாளும் அவர் ஆள் மாறித் திரும்பியதில்லை.

இப்போது அவருக்கு மறதி நோய். முதலில் சாவியை மறந்தார், பிறகு சாப்பிட்டதை, அப்புறம் பேரப்பிள்ளைகளை.

போன மாசம் மகன் எங்களைச் சிதம்பரத்துக்குக் கூட்டிப்போனான். டாக்டரம்மா சின்ன வயசு, பொறுமையாகச் சொன்னார். மூளையிலுள்ள ஒவ்வொரு செல்லுக்குள்ளும் குட்டிக் குட்டி எஞ்சின்கள் இருக்குமாம். மைட்டோகாண்ட்ரியா என்று பெயராம். அவைதான் செல்லுக்குச் சக்தி கொடுக்கின்றன. இந்த நோயில் அவை சோர்ந்துபோகுமாம். கூடவே அமிலாய்டு என்ற ஒரு புரதம் செல்களுக்கு நடுவே கசடு மாதிரி படியுமாம்.

எனக்கு எங்கள் போர் மோட்டார்தான் ஞாபகம் வந்தது. “மோட்டார் எளச்சதால சேறு அடஞ்சிதா, சேறு அடஞ்சதால மோட்டார் எளச்சிதா டாக்டரம்மா?” என்று கேட்டேன்.

“அதத்தாம்மா பெரிய பெரிய ஆராய்ச்சிக்காரங்களே இன்னும் பேசிக்கிட்டிருக்காங்க. ஒண்ணு இன்னொண்ண கெடுக்குதுன்னு தெரியுது.”

“தூர் வார முடியாதா?”

“கசட கொறைக்க மருந்து வந்திருக்கு. அது ஆரம்பத்துல இருக்கறவங்களுக்குத்தான். இவரு அதெல்லாம் தாண்டிட்டாரும்மா.”

இவர் தன் பாட்டுக்கு ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திரும்பி வரும்போது சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் மகன் தண்ணீர் வாங்கப் போனான். நான் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தேன். அந்த நேரத்தில் ஒரு பெண், “என்னாங்க, பஸ்ஸ எடுக்கறான், ஓடியாங்க!” என்று கூப்பிட்டிருக்கிறாள். நிமிர்ந்தால் இவரைக் காணோம். மகன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக அலைந்தோம்.

கொஞ்ச நேரத்தில் மகனுக்குப் போன் வந்தது. இவர் கடலூர் பஸ்ஸில் ஏறி, கண்டக்டரிடம், “என் சம்சாரம் டிக்கெட் எடுத்துட்டா” என்று அந்தப் பெண்ணைக் கை காட்டியிருக்கிறார். அவள் பெயரைக் கேட்டதற்குச் சொல்லத் தெரியவில்லை. சட்டைப் பையில் மகன் எழுதி வைத்திருந்த நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். புதுச்சத்திரத்தில் அந்தப் பெண்ணும் அவள் புருஷனும் இவரோடு இறங்கி எங்களுக்காகக் காத்திருந்தார்கள்.

அவள் என்னைப் பார்த்ததும் சிரித்தாள். “அக்கா, நான் ஒருத்தரத்தான் கூப்புட்டேன், ரெண்டு பேரு ஏறிட்டாங்க!”

நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே சுருக்கென்றது. அவள் குரலுக்கும் என் குரலுக்கும் இவருக்கு வித்தியாசம் தெரியாமல் போய்விட்டதா?

வீட்டுக்கு வந்ததும் மகன் சொன்னான். “இனிமே பேரு சொல்லிக் கூப்புடுமா. என்னாங்கன்னா ஊர்ல இருக்கற அத்தன ஆம்பளயும் திரும்புவான்.”

எனக்கு அது லேசில் வரவில்லை. மோட்டார் கொட்டகைக்குப் போய், மோட்டாரை ஓடவிட்டு, அந்தச் சத்தத்தில் சொல்லிப் பார்த்தேன். கல்யாணமான புதிதில், ஸ்ரீமுஷ்ணம் கோயிலில் ஐயர் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டபோது நான் வெட்கத்தில் இவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலையில் டீயை வைத்துவிட்டு, அவர் எதிரில் நின்று பெயரைச் சொன்னேன். அவர் வாசலை எட்டிப் பார்த்தார்.

“யாரத் தேடுற?”

“எங்க வூட்டுக்காரர.”

“எங்க போயிட்டாரு?”

“தெரியல. இங்கதான் இருந்தாரு.”

“நல்ல மனுசனா?”

“பரவால்ல. கோவந்தான் ஜாஸ்தி.”

“வந்துடுவாரு, கவலப்படாத” என்றார்.

நான் அடுப்படிக்குப் போய், அங்கிருந்தே பழைய மாதிரி, “என்னாங்க” என்றேன்.

“தோ வந்துட்டன்.”

என் குரல் என்று தெரிந்து சொன்னாரா, எந்தக் குரலுக்கும் அப்படித்தான் சொல்வாரா, எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு நான் பெயர் சொல்வதை விட்டுவிட்டேன். இவ்வளவு காலமும் தெருவில் அவர் முன்னால் போவார், நான் பின்னால் போவேன். இப்போது பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் பார்க்க அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். யாராவது ஒரு பெண் ‘என்னாங்க’ என்றால் அவர் கை லேசாக இழுக்கும். நான் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன்.